திருப்புளியின் கடைசி வரி

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனபோது மணி ஒன்று முப்பத்தைந்து.

ஒரு குலுக்கல்... ஒரு முனகல்... அவ்வளவுதான். பெரிய விளக்கு அணைந்து, தலைக்கு மேலே சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

அவள் கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு அவள் ஐந்தாவது மாடியில், வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு அறையில், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நேயர்கள் எழுதி அனுப்பும் கவிதைகளை அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நேயர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'ரெண்டு மணி'!

அலாரம் பொத்தானை அழுத்தினாள். எங்கோ மணி அடித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி... மறுபடி...

"ஒரு தடவ அமுக்கினா போதும் மேடம். எனக்குக் காது நல்லாவே கேக்குது."

மேலேயிருந்து ஓர் ஆண்குரல், கிணற்றுக்குள் விழுகிற மாதிரி இறங்கி வந்தது.

"யாருங்க அது?"

"லிஃப்ட் மெக்கானிக். மாசாமாசம் சர்வீஸுக்கு வர்ற ஆளு. மொட்டைமாடியில மெஷின் ரூம்ல இருக்கேன். கரண்ட் போயிடுச்சு. கையால சக்கரத்தச் சுத்தி உங்கள நாலாவது மாடிக்குக் கொண்டு வரப்போறேன். பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா? நான் எதுக்குப் பயப்படணும்?" என்றாள் அவள். குரல் கீச்சென்று வந்தது. "ஏங்க... இது கீழ விழுந்துடாதே?"

"விழணும்னு நீங்க ஆசைப்பட்டாக்கூட விழாது. நாலு கயிறு இருக்கு. ஒரு கயிறே உங்கள மாதிரி பத்துப் பேரைத் தாங்கும்."

"என்னை மாதிரின்னா... என்னை எப்போ பாத்தீங்க?"

"பாக்கல. குரலை வெச்சு ஒரு கணக்கு. அம்பது கிலோ?"

"அம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேலே ஒரு சிரிப்புச் சத்தம். அதைத் தொடர்ந்து சக்கரம் கிரீச்சென்று சுழல ஆரம்பித்தது.

"பேசிட்டே இருங்க மேடம். நீங்க பேசினாத்தான் மயக்கம் போட்டு விழலன்னு எனக்குத் தெரியும்."

"என்ன பேசறது?"

"எதையாவது. வாய்ப்பாடு சொல்லுங்க."

"எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறுங்க..."

கண்களை மூடிக்கொண்டாள். வியர்த்தது. மூச்சு முட்டுவது போலிருந்தது. அந்த மூடிய கண்களுக்குள், போன புதன்கிழமை வாசித்த ஒரு கவிதை தானாக வந்து நின்றது. கட்டம் போட்ட தாளில், பென்சிலால், குனிந்து குனிந்து நடக்கிற மாதிரியான எழுத்தில், 'திருப்புளி' என்ற பெயரில் வந்த கவிதை. எப்படி மனப்பாடம் ஆனது என்று அவளுக்கே தெரியாது. மெல்லச் சொன்னாள்...

"விளக்கைப் போடச் சொல்லாதே.
இருட்டு எவ்வளவு என்று
நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.
ஜன்னலைத் திறக்கச் சொல்லாதே.
காற்று வந்து நலம் கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
நாளை என்று தொடங்காதே.
எனக்கு இன்றே முடியவில்லை.
பக்கத்தில் உட்கார்.
உட்கார்ந்த பின்
விடியும் என்று சொல்."

சக்கரத்தின் சத்தம் நின்றுவிட்டது. மழைத்துளிகள் தகரத்தில் தட்டுவது மட்டும் கேட்டது.

"ஹலோ... இருக்கீங்களா?"

"கடைசி வரி அது இல்ல" என்றது குரல். சிரிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது.

"என்னது?"

"கடைசி வரி அது இல்லன்னேன். 'உட்கார்ந்த பின் எதுவும் சொல்லாதே.' அதுதான் கடைசி வரி."

அவள் கண்களைத் திறந்தாள். அந்த வரியைப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று...

சக்கரம் இப்போது விறுவிறுவென்று சுழன்றது. லிஃப்ட் அரை அடி, ஒரு அடி என்று ஏறி நின்றது. சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே படிகளில் தடதடவென்று காலடிகள். சாவி திரும்பியது. கதவு விலகியது.

மழையில் பாதி நனைந்து நின்றான் அவன். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டைக் கையில் கிரீஸ் கறை. நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் புருவத்தில் தங்கி, சொட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அந்தக் கண்கள்... கோபமாக இருந்தன. ஆனால் அவள் மயங்காமல் நிற்கிறாளா என்று தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கோபப்பட்டன.

"நீங்கதான்... திருப்புளியா?" என்றாள் அவள்.

"ஏன், வேற எப்படி இருப்பேன்னு நெனச்சீங்க?"

"யாரோ ரிட்டயர்டு ஆனவர்னு... திருப்புளிங்கறது ஏதோ ஊர்ப் பேருன்னு நெனச்சேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டினான். "இதுக்குத் தமிழ்ல அதான் பேரு. மாத்தினது நீங்கதானா?"

"அது... சின்ன திருத்தம்."

"சின்ன திருத்தம்!"

"ஒரு வரிதானேங்க? அத்தனை பேர் கேக்கறாங்க. மனசு ஒடிஞ்சவங்க கேக்கறாங்க. அவங்களுக்கு ஒரு நம்பிக்கை..."

"ஒரு போல்ட்தானேன்னு நான் விட்டிருந்தா இப்போ நீங்க கீழ இருந்திருப்பீங்க மேடம்." அவன் ஒதுங்கி வழிவிட்டான். "ரேடியோவுல நீங்க வாசிக்கும்போதே கொதிச்சுது. இப்போ கீழேயிருந்து உங்க குரல் வந்ததுமே ஆளும் தெரிஞ்சுபோச்சு. போங்க. ரெண்டு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கு. படியில போங்க."

அவள் படியேறினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். அவன் பார்க்கவில்லை... குனிந்து கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். ஏனோ அது இன்னும் கோபமூட்டியது.

அன்று நிகழ்ச்சியில் அவள் மூன்று இடத்தில் தடுமாறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர் புருவத்தை உயர்த்தினார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கவிதையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. 'மத்தியானம் சாப்பிட்டுட்டு ஜனங்க தூங்கணும்மா. அழக் கூடாது.'

ஆனால் அந்த வரியை அவள் மாற்றியது மேலாளருக்காக இல்லை. அதை அந்த மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

அது அக்காவுக்காக.

அவர்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம். கூடத்தில் அம்மா தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருப்பாள். உள்ளறையில் அக்கா. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பில் சாக்பீஸ் உடைந்தால்கூட வாய்விட்டுச் சிரிக்கிறவள். எட்டு மாதத்துக்கு முன்னால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தை அழவே இல்லை. அதற்குப் பிறகு இங்கே வந்து படுத்தவள்தான். அக்காவின் கணவர் நில அளவையாளர். ஒவ்வொரு ஞாயிறும் பழங்களோடு வருவார். கூடத்தில் உட்காருவார். "எப்படி இருக்கா?" என்பார். "இருக்கா" என்பாள் அம்மா. உள்ளே போகத் தைரியமில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

வருகிறவர்கள் எல்லோரும் அக்காவிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "அடுத்தது வரும்மா. மனசைத் தளர விடாதே." அம்மா சொன்னாள். டாக்டர் சொன்னார். பால் ஊற்றுகிறவர்கூடச் சொன்னார்.

அக்கா செய்கிற ஒரே காரியம், மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கையின் குரலைக் கேட்பது. அதனால்தான் திருப்புளியின் கவிதையைப் படித்ததும் அவளுக்குப் பயம் வந்தது. இது அக்காவின் காதில் இப்படியே விழுந்தால்...? பேனாவை எடுத்தாள். ஒரு வரியை மாற்றினாள். அக்காவுக்கு ஒரு விடியலைக் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்தாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு உள்ளறையில் ரேடியோ பாடவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று அவள் புதிது வாங்கிப் போட்டாள். அப்போதும் பாடவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் மறுபடி வந்தான், மாற்ற வேண்டிய ஏதோ ஒரு பாகத்தோடு. ஐந்தாவது மாடி நடைவழியில், டீ மெஷினுக்கு முன்னால் நின்று பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ அமுக்கினா போதும்" என்றாள் அவள், பின்னாலிருந்து.

திரும்பினான். சிரிக்கக் கூடாது என்று முயன்று தோற்றான். கோபமில்லாதபோது அந்தக் கண்கள் வேறு மாதிரி இருந்தன. மழை விட்டதும் தெருவில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரியுமே, அந்த மாதிரி... சீச்சீ, என்ன உவமை இது, என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள். நேயர்கள் அனுப்பியிருந்தால் தள்ளுபடி செய்திருப்பாள்.

"அன்னைக்குக் கொஞ்சம் கூடப் பேசிட்டேன்" என்றான்.

"கொஞ்சமா?"

"சரி, நெறைய. அதுக்குப் பதிலா டீ வாங்கித் தரலாம்னு பாத்தா மெஷின் ஒத்துழைக்க மாட்டேங்குது."

"லிஃப்டையே தூக்கறீங்க. டீ மெஷினைத் தூக்க முடியலையா?"

"இதுக்குக் கயிறு இல்லையே."

இருவரும் சிரித்தார்கள். டீ வந்தது. ஜன்னலோரம் நின்றார்கள். கீழே குடைகள் முட்டிக்கொண்டு நகர்ந்தன. பேச்சு எங்கெங்கோ போனது. அவன் கவிதையைக் கருவிப் பெட்டியின் மூடியில் தாளை வைத்து எழுதுவானாம். கட்டம் போட்ட தாள் என்றால் வரி கோணாதாம். அவளுக்குத் தைரியம் வந்தது.

"எனக்கு இன்னொரு கவிதை எழுதித் தருவீங்களா? கொஞ்சம்... நம்பிக்கையா?"

அவன் முகம் மாறியது. கப்பைக் கீழே வைத்தான்.

"போன வருஷம் எங்க அம்மா ஆஸ்பத்திரியில நாலு மாசம் இருந்தாங்க. டாக்டர் என்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாரு. நான் அம்மாகிட்ட தினமும் போய் நிப்பேன். 'இன்னும் ரெண்டே நாள்மா, வீட்டுக்குப் போயிடலாம்'னு சொல்வேன். வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேரும் அதையே சொன்னாங்க. ஒருநாள் அம்மா என் கையப் புடிச்சாங்க. 'எல்லாரும் பொய் சொல்லிட்டு அவசரமா ஓடிடறீங்கடா. நீயாவது ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் இரு'ன்னாங்க." அவன் ஜன்னலைப் பார்த்தான். "அன்னைலேந்துதான் நான் அவங்ககூட நெசமா இருந்தேன். பதினோரு நாள் கெடச்சுது. அந்தப் பதினோரு நாள்தான் அந்தக் கவிதை."

அவளும் கப்பைக் கீழே வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீங்க எழுதினது உங்க அம்மாவுக்காக. நான் மாத்தினது எங்க அக்காவுக்காக." அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். "அவகிட்ட போய் 'எதுவும் சொல்லாதே'ன்னு நான் எப்படிங்க வாசிக்கறது? அவ ஒரேயடியா உடைஞ்சு போயிட்டா?"

"உடைஞ்சுடுவாங்கன்னு உங்க அக்கா சொன்னாங்களா?"

"அவ எதுவுமே பேசறதில்லைன்னு சொல்றேனே!"

"அவங்க பேசறதில்லையா... இல்ல, நீங்க யாரும் அவங்களப் பேச விடறதில்லையா?"

மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் அது ஊசி மாதிரி இறங்கியது.

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு என்ன தெரியும்?" அவள் குரல் உயர்ந்தது. "ரெண்டு நாள் பழக்கம். அதுக்குள்ள எங்க அக்காவை என்னைவிட உங்களுக்குத் தெரியுமா? எட்டு மாசமா நாங்க படற பாடு உங்களுக்குத் தெரியுமா? உங்க வேலை லிஃப்ட். அதைப் பாருங்க."

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் முகம் வெளுத்துப்போனது. பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"தப்புதான் மேடம். நான் பேசினது அதிகம். இனிமே கவிதையும் வராது. உங்களுக்குத் திருத்தற சிரமமும் இருக்காது."

படிகளில் இறங்கிப் போனான். இப்போதும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் திரும்பவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனவள், செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் உள்ளறைக்குப் போனாள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா... ஏன் ரேடியோ கேக்கறதில்ல?"

கட்டிலருகே போனாள்.

"பிடிக்கலையா? நான் சரியா வாசிக்கலையா?"

சுவரைப் பார்த்தபடியே அக்கா சொன்னாள். "நல்லாத்தான் வாசிச்சே. அந்தக் கவிதையில ஒவ்வொரு வரியும் எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு. யாருக்கோ புரிஞ்சிருக்கேன்னு எழுந்து உக்காந்தேன்டி... கடைசில பாத்தா நீயும் அவங்களை மாதிரியே சொல்லிட்டே."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் ஃபைலைத் திறந்தாள். கட்டம் போட்ட தாளை எடுத்தாள். மைக் இல்லாமல், நிலையத்துக் குரல் இல்லாமல், தங்கையின் குரலில் முழுக்க வாசித்தாள். 'பக்கத்தில் உட்கார்' என்று வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். 'எதுவும் சொல்லாதே' என்று முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அக்காவின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. எட்டு மாதமாக அழாத அழுகை. கூடத்தில் தையல் இயந்திரம் நின்றது. அம்மா ஓடி வந்து கதவருகில் நின்று வாயைத் திறந்தாள். அவள் வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினாள். அம்மா திறந்த வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவனுக்கு நகமெல்லாம் முளைச்சிருந்துச்சுடி" என்றாள் அக்கா. "வெட்டிவிடற அளவுக்கு வளர்ந்திருந்துச்சு. யாருமே அவனைப் பத்திக் கேக்கல. எல்லாரும் அடுத்ததைப் பத்தியே பேசறாங்க. எனக்கு இவனைப் பத்திப் பேசணும்..."

பேசினாள். அம்மாவும் தங்கையும் கேட்டார்கள். குழந்தையின் காது யாருடைய ஜாடை, முடி எவ்வளவு இருந்தது, எந்தப் பெயர் நினைத்து வைத்திருந்தாள்... எல்லாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர் பழங்களோடு வந்து வழக்கம்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபோது, அக்காவே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அந்தத் தாளை அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார். நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பழகிய அந்த மனிதர், பழப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு குழந்தை மாதிரி அழுதார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. இரண்டு மணி.

"போன வாரத்துக்கு முந்தின வாரம், திருப்புளிங்கற நேயர் எழுதின ஒரு கவிதையை வாசிச்சேன். அதோட கடைசி வரியை அவர்கிட்ட கேக்காம நான் மாத்தினேன். தப்பு என்னோடது. இன்னைக்கு அவர் எழுதினபடியே வாசிக்கறேன்."

வாசித்தாள். முடித்த பிறகு ஐந்து நொடி எதுவும் பேசவில்லை. வானொலியில் ஐந்து நொடி என்பது ஒரு யுகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது? நம்ம மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நான் பயந்துட்டேன்! யாரும்மா இந்தத் திருப்புளி?" பிறகு கொஞ்சம் தயங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "அதுல... ஒரு பிரதி எடுத்துக் குடும்மா. என் தம்பிக்கு அனுப்பணும். அவனுக்கு நேரம் சரியில்ல."

அவன் கேட்டிருப்பான் என்று நினைத்தாள். இன்று வருவான்... நாளை வருவான்... ஒரு கடிதமாவது வரும். கட்டம் போட்ட தாளைத் தேடித் தேடித் தபால் கட்டைப் பிரித்தாள். வரவில்லை. மூன்று வாரம் ஓடியது. மாதாந்திர சர்வீஸ் நாளில் காலையிலேயே நடைவழியில் நின்றாள். வந்தது ஒரு பெரிய மீசைக்காரர்.

"அவரு... எப்பவும் வருவாரே, அவரு வரலையா?" என்றாள், லிஃப்டைப் பற்றிய அக்கறை மாதிரி.

மீசைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ரேடியோ மேடமா? அவன் இந்தக் கட்டடத்தை எனக்கு மாத்திக் குடுத்துட்டாம்மா. ஏன்டான்னா வாயத் தொறக்க மாட்டேங்கறான். பேய் அறைஞ்ச மாதிரி இருக்கான். புது ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் மாட்டற வேலை. மத்தியானம் லிஃப்ட் குழிக்குள்ள எறங்கினா வெளிய வர நேரமாகும். அங்க போன் எடுக்காது, ரேடியோ எடுக்காது."

ரேடியோ எடுக்காது... அப்படியென்றால் அவன் கேட்கவே இல்லை!

அவள் முகவரியை வாங்கிக்கொண்டாள். நிகழ்ச்சி முடிந்ததும் மேலாளரிடம் அரை நாள் லீவு சொன்னாள். இரண்டு பஸ் மாறினாள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை காற்றில் திரும்பிக்கொண்டது. கட்டடத்து வாசலில் தலைக்கவசம் கொடுத்த காவலாளி, "லிஃப்ட் ஆளா? ஒன்பதாவது மாடிம்மா" என்றார். அந்தக் கட்டடத்தில் இன்னும் லிஃப்ட் இல்லை. அதைத்தானே அவன் மாட்டிக்கொண்டிருக்கிறான்!

ஏறினாள். நாலாவது மாடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது மாடியில், இவன் கவிதையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று படியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள்.

ஒன்பதாவது மாடியில் சுவரே இல்லாத ஒரு பெரிய கூடம். சிமென்ட் வாசனை. மழைச் சாரல் தாராளமாக உள்ளே வந்து போனது. லிஃப்ட் குழியின் ஓரத்தில் மண்டியிட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவன், காலடி கேட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நனைந்த புடவை, கோணிய தலைக்கவசம், உடைந்த குடை...

"மேடம்! நீங்க... எதுக்குங்க ஏறி வந்தீங்க? கீழேயிருந்து ஆள் அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே!"

"நீங்க... வந்திருக்க... மாட்டீங்க..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மீசைக்காரரை... அனுப்பியிருப்பீங்க..."

"முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க."

"குடிக்க மாட்டேன். முதல்ல சொல்லிடறேன். கவிதையைச் சரியா வாசிச்சுட்டேன். ரேடியோவுல மன்னிப்பும் கேட்டுட்டேன். நீங்கதான் கேக்கல. அதுக்கு முன்னாடியே... அக்காவுக்கு வாசிச்சேன்." மூச்சு இழுத்தாள். "அக்கா பேசிட்டா. அழுதா... பேசினா. மாமாகூட அவங்க வீட்டுக்குப் போயிட்டா. அடுத்த மாசம் ஸ்கூலுக்குப் போறதா சொல்றா. இன்னும் அழறா, ஆனா எங்ககிட்ட சொல்லிட்டு அழறா. நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு. 'உங்க வேலை லிஃப்ட்'னு சொன்னேனே, அது ரொம்பத் தப்பு..."

கண்ணீரா, மழைத் தண்ணீரா என்று தெரியாமல் வழிந்தது. அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவள் கையில் வைத்தான்.

"உங்க மேல கோபப்பட்டு நான் போகலங்க" என்றான். "வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சற மாதிரி பேசிட்டோமேன்னு... உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு தெரியல. ரெண்டு மணி ஆச்சுன்னா இந்தக் குழிக்குள்ள எறங்கிடுவேன். மேல இருந்தா ரேடியோவைப் போடத் தோணும். போட்டா உங்க குரல் வரும். வந்தா அன்னைக்கு வேலை ஓடாது."

"எழுதறதுகூட இல்லையா?"

"உக்காருவேன். வர மாட்டேங்குது. சோகமா ஒரு வரி எழுதலாம்னா, அம்பத்தெட்டுன்னு நீங்க கத்தினது ஞாபகம் வந்து சிரிப்பு வருது. சந்தோஷமா எழுதலாம்னா நீங்க கோச்சுக்கிட்ட மூஞ்சி வருது."

அவள் சிரித்துவிட்டாள். புரையேறியது. தண்ணீர் தெறித்தது. இருமி முடித்து நிமிர்ந்தபோது, எத்தனையோ ஆயிரம் பேருக்குத் தினமும் தடங்கலில்லாமல் பேசுகிறவள், ஒரே ஓர் ஆளின் முன்னால் வார்த்தை தேடித் தவித்தாள். படியேறும்போது அழகாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். எல்லாம் ஏழாவது மாடியிலேயே தங்கிவிட்டது.

"எனக்கு..." என்றாள். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க ஒண்ணும் இப்பவே பதில் சொல்ல வேண்டாம். நான் எறங்கிப் போகவே அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள யோசிச்சு..."

"யோசிக்க என்னங்க இருக்கு?" அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவளெதிரே சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். "நான் ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"மாட்டேன்."

"அம்மா போனப்புறம் வீட்ல நான் ஒருத்தன்தான். யாராவது பேசினா நல்லா இருக்கும்னு ஒருநாள் காலைல ரேடியோவைத் திருப்பினேன். நீங்க பஸ் நேரம் சொல்லிட்டு இருந்தீங்க."

"பஸ் நேரமா?"

"ஆமா. காலை ஷிப்ட் ஆளு வரலன்னு நீங்க வாசிச்சீங்க போல. எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட்டு, எந்த ரோட்டுல பள்ளம் தோண்டியிருக்காங்க, எல்லாத்தையும் அவ்வளவு அக்கறையா சொன்னீங்க. ஒவ்வொருத்தரும் பத்திரமா வேலைக்குப் போய்ச் சேரணும்னு உங்களுக்கு நெசமாவே கவலை இருந்த மாதிரி... அந்த பஸ்ல நான் போறதே இல்ல. ஆனா அதக் கேட்டுட்டு உக்காந்து அழுதேன். முகம் கழுவிட்டு வேலைக்குப் போனேன். அன்னைக்குத்தான் முதல் தாளை வாங்கினேன். எழுதினா நீங்க படிப்பீங்களேன்னு. மூணு தடவ அனுப்பினேன். மூணாவதைத்தான் வாசிச்சீங்க."

மழையின் சத்தம் சற்று ஓய்ந்திருந்தது. கீழே எங்கேயோ பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது.

"அப்படின்னா..." என்றாள் அவள். "அப்பலேந்தா?"

"அப்பலேந்துதான். அப்போ உங்க பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. எனக்கு ஒருத்தங்க இருக்காங்கன்னு மட்டும் தோணுச்சு." அவன் கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்தான். அப்படியும் போதாது என்று இன்னொரு முறை துடைத்தான். பிறகு தயங்கித் தயங்கி அதை அவள் பக்கம் நீட்டினான். "நான் உங்கள விரும்பறேங்க. உங்க வீட்ல யாரப் பாத்துப் பேசணும்னு சொல்லுங்க, வர்றேன்."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கறை அவள் விரல்களிலும் ஒட்டியது.

"அம்மாவை" என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. அக்காவும் மாமாவும் வர்றாங்க."